சில்லானுக்கு ஏற்ற டாக்டர்

அரியலூர் மாட்டாஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் இருசம்மாள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மடியில் துண்டு சுற்றிய நாய்க்குட்டி, சில்லான்.

அவள் புருஷன் அரியமுத்து உட்காரவில்லை. கோபத்தில் இருந்தான்.

கோபம் வராமல் என்ன செய்யும்? காலையில் அரும்பாவூரில் பஸ் ஏறிப் பெரம்பலூர் போனார்கள். அங்கிருந்த டாக்டர் நல்ல மனுஷன். நாய் என்று முகம் சுளிக்கவில்லை. சில்லானின் கழுத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்த கட்டியைத் தடவிப் பார்த்தார். இதனால்தான் நாலு நாளாகத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை, இன்றைக்கே அறுத்துவிடலாம், தாமதித்தால் ஆபத்து என்றார்.

அந்த நேரம் பார்த்து இவள் கம்பவுண்டரிடம் ஏதோ கிசுகிசுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே அரியலூர் என்றார். அவ்வளவுதான், நாயைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடையைக் கட்டிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, பஸ் போய்விடும் என்று நடையை எட்டிப் போட்டாள்.

அரியலூர் பஸ்ஸின் முதுகில் குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணம் சிவப்பாக வரைந்திருந்தது. உள்ளே கைக்குழந்தைக்காரி என்று நினைத்து ஒரு அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். எத்தனை மாதம் என்று கேட்டாள். ஆறு என்று இருசம்மாள் உள்ளதைச் சொன்னாள்.

அரியமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சில்லான்மேல் அவனுக்கும் உயிர்தான். வழியிலேயே போய்விடுமோ என்று பயந்துகொண்டே வந்தான்.

இப்போது அரியலூர் டாக்டர் வந்தார். கட்டியை அழுத்திப் பார்த்தார். பெரம்பலூர்க்காரர் சொன்னதையே அச்சுப் பிசகாமல் சொன்னார்.

அரியமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருசம்மாள் எழுந்து, நாயை இரண்டு கையாலும் டாக்டரிடம் நீட்டினாள்.

"சார், இவனை நீங்களே வாங்கிக்கங்க. ஒரு கை தவுடு குடுத்தாப் போதும்."

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் பின்னால் இருந்த பெயர்ப் பலகையை அப்போதுதான் அரியமுத்து எழுத்துக்கூட்டிப் படித்தான். டாக்டர் மு. தவிட்டுராசு.

பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்துப் பிறப்பதைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். யார் வீட்டுப் பிள்ளையோ என்று எமன் விட்டுவிட்டுப் போய்விடுவானாம். பெற்றவளேதான் பிறகும் வளர்ப்பாள், பெயர் மட்டும் இப்படி நிலைத்துவிடும். அப்படி விற்கப்பட்டு, பிழைத்து, படித்து, டாக்டரும் ஆகிவிட்ட ஆளைத் தேடித்தான் இவள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

கம்பவுண்டர் சில்லானை வாங்கிக்கொண்டார். டாக்டர் வெளியே போய், வைத்தியத்துக்குக் கட்டியிருந்த எருமையின் கூடையிலிருந்து ஒரு கை தவிடு அள்ளிக்கொண்டு வந்தார்.

அரியமுத்துவுக்கும் இருசம்மாளுக்கும் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டாவதற்குக் காய்ச்சல் கண்டபோது, தவிட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று அவன் இவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். பேச்சுக்குக்கூட என் பிள்ளையை இன்னொருத்தர் பிள்ளை என்று சொல்ல மாட்டேன் என்று, அதை மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டவள் இவள்.

இப்போது டாக்டருக்கு முன்னால் முந்தானையை ஏந்தி நின்றாள்.