வாக்குச்சாவடிக்குப் போகும் வழி

பொதுத்தேர்தல் அறிவித்த நாளிலிருந்து, லண்டன் ஹாரோவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களான யோகமலரும் கனகநாயகமும் வேலிக்கு மேலால் வாதாடிக்கொண்டே இருந்தார்கள். மருத்துவமனைத் தாதியான அவளுக்கு லேபர் கட்சி. கடை வைத்திருந்த அவருக்கு எதிர்த்தரப்பான கன்சர்வேடிவ் கட்சி. வாக்களிப்பு நாளன்று அவருடைய முழங்கால் வீங்கிவிட்டது. வாசலில் தடியை ஊன்றித் தயங்கி நின்றவரைக் கண்டதும் அவள் காரை நிறுத்தினாள்.

“ஏறுங்கோ அண்ணை.”

“பிள்ளை, என்ர வோட்டு உம்மட ஆளுக்கு எதிரா எல்லோ விழும்? இந்தமுறை இழுபறியாம்.”

“விழட்டும். உங்களை வீட்டில இருத்திப்போட்டு வெல்லுறது எனக்கு வேண்டாம்.”

கார் புறப்பட்டது. சிறிது தூரம் போனதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வாக்குச்சாவடி அங்கால எல்லே?”

“ஓம், சுத்திப் போறம்,” என்றாள் யோகமலர். “எனக்கு இன்னும் கொஞ்சம் கதைக்கக் கிடக்கு.”