ரெமிஹியோவின் மெழுகு

ஆசிட்டை எர்மெலிந்தா தானே ஊற்றினாள்.

கொதிக்கிற அண்டாவைச் சுற்றி நாங்கள் ஒன்பது பேர் நின்றோம். ஒன்பதும் ஆம்பிளைகள்.

எங்கள் மலையில் பெண்கள் கன்டெலீயாச் செடி பிடுங்கலாம், கழுதைமேல் ஏற்றலாம். அண்டா பக்கம் மட்டும் வரக்கூடாது. வந்தால் நுரை எழும்பாதாம். ஆசிட் விட்டுக் காய்ச்சும்போது செடியிலிருந்து எழும்பும் அந்த நுரைதான் மெழுகு.

எர்மெலிந்தாவின் புருஷன் ரெமிஹியோ செத்து எட்டு நாள். நாளைக்கு ஒன்பதாம் நாள் ஜெபம். அது முடிந்ததும் அவன் அண்டா வேறொருவனுக்குப் போய்விடும், வழக்கம் அப்படி. எனக்கே அதன்மேல் ஒரு கண்.

ரெமிஹியோ எங்களோடு சேராமல் தூரத்துப் பள்ளத்தில் தனியாகக் காய்ச்சுவான். பதினோரு வருஷம். அவன் மெழுகை அடிக்க ஆள் கிடையாது.

அண்டா எனக்குத்தான், எல்லோர் கண் முன்னாலும் காய்ச்சிக் காட்டுகிறேன் என்று எர்மெலிந்தா அதை நாங்கள் காய்ச்சுகிற ஊற்றடிக்கே இழுத்து வந்துவிட்டாள்.

ஊர்த் தலைவர் தோன் ஃபாபியான் சும்மா இருப்பாரா? கன்டெலீயா என்றால் குட்டி மெழுகுவத்தி, பொம்பளைக்கு அதைக் கோயிலில் ஏற்றத்தான் கொடுப்பினை என்றார். சிரித்தோம்.

"மெழுகுவத்திய நீங்க ஏத்துங்க தோன் ஃபாபியான். நுரை வரலேன்னா நாளைக்கு அண்டாவுக்கும் சேத்தே ஜெபம் சொல்லிடலாம்."

கவைக்கம்பால் தண்டுகளை அமுக்கினாள். நேற்றுக் காய்ச்சி எடுத்த தண்டுச் சக்கையை அடுப்பில் தள்ளினாள்.

நுரை எழும்பியது. பாலாடை நிறத்தில், விளிம்பு வரை.

ஜல்லிக்கரண்டியால் ஒரே வீச்சில் வழித்தாள். ஒரு சொட்டு அழுக்குத் தண்ணீர் கூட வரவில்லை.

தோன் ஃபாபியான் ஒரு துளியை ஆறவைத்து நகத்தால் கீறிப் பார்த்தார்.

"அப்படியே ரெமிஹியோ மெழுகு. செத்தவன் நல்லாத்தான் பழக்கிவிட்டிருக்கான்."

அவள் ஆசிட் தண்ணீர் தெறித்து நனைந்திருந்த சட்டைக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள்.

வெள்ளை வெள்ளையாய் ஆசிட் தழும்புகள். எங்கள் எல்லோர் கையிலும் இருப்பவைதான். ஒன்று அப்படி வெளுக்கவே வருஷக்கணக்காகும். அவள் கையில் புதிதாக ஒன்று விழ இடமில்லை.

தோன் ஃபாபியான் குனிந்து ஒரு கை சக்கையை அள்ளி அவள் அடுப்பில் போட்டார்.

ரெமிஹியோவைப் பெட்டியில் கிடத்தியபோது கைகளை மடித்துவிட்டவன் நான்தான். அவற்றில் ஒரு தழும்புப் புள்ளி கூட இல்லை. எவ்வளவு சூதானமான வேலைக்காரன் என்று அன்றைக்கு வியந்துகொண்டேன்.