ஆய்வுக்கு வந்தவர்

"அக்கா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். அவர் என்ன கேட்டாலும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"அடுத்தவங்களைப் பேச வைக்கிறதுதான் தம்பி என் பொழப்பு. என்னையே ஊமையா உட்காரச் சொன்னா எப்படி?"

"இன்னைக்கு ஒரு நாள் லீவுன்னு நெனச்சுக்கங்க."

மனநல ஆலோசனை மையத்தின் மேலாளர் காலையிலிருந்து நகம் கடித்துக்கொண்டிருந்தார். கை விரல்கள் தீர்ந்துபோய், கால் விரலுக்கு உடம்பு வளையாததால் பேனா மூடிக்கு வந்திருந்தார். 'பதற்றத்தைத் தணிப்பது எப்படி?' என்று அவரே எழுதிய துண்டுப் பிரசுரம் எதிரே மேசையில் அடுக்கியிருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் மையங்களின் கூட்டமைப்பு மாதாமாதம் அனுப்பும் செய்தி மடல்தான். 'ஆய்வு அதிகாரி வருகிறார்: பதற வேண்டாம்' என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் படித்த பிறகுதான் எல்லா மையங்களும் பதற ஆரம்பித்தன. ஒழுங்கான பதிவு இல்லை என்று பக்கத்து வட்டார மையத்தை அவர் ஒரே நாளில் இழுத்து மூடிய கதை இரண்டாம் பக்கத்தில். கடைசிப் பக்கத்தில் அறிவுரை: 'எதைக் கேட்டாலும் பதிவு செய்கிறோம், கண்காணிக்கிறோம், தெரிவிக்கிறோம் என்று சொல்லவும்.'

இந்த மையத்தில் அந்த மூன்றும் கிடையாது. இங்கே வருகிறவர்கள் பெயர் சொல்ல வேண்டாம் என்பது ஆலோசகர் அக்கா போட்ட சட்டம். கூப்பிட ஒன்று வேண்டுமே என்று அவரவரே ஏதாவது வைத்துக்கொண்டார்கள். ஒருவர் 'மாடிப்படி'. இன்னொருவர் 'பழைய ரேடியோ'. பழைய ரேடியோ இப்போதெல்லாம் ராத்திரியில் நன்றாகத் தூங்குகிறார் என்று அதிகாரியிடம் எந்த முகத்தோடு சொல்வது?

அதிகாரி வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. கண் இரண்டும் சிவந்து கிடந்தன. சரியான கோபக்காரர் என்று மேலாளர் முடிவு கட்டினார். மனசைப் படிப்பதில் பட்டம் வாங்கியவர் அல்லவா!

சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்த அதிகாரி முதல் கேள்வியைக் கேட்டார்.

"அந்தப் பின்வாசல் எதுக்கு?"

தெரிந்தவர் கண்ணில் படாமல் வர நினைப்பவர்களுக்காக அக்கா திறந்து வைத்த வாசல் அது.

"அது சும்மா கிடக்கு சார். நாளைக்கே செங்கல் வச்சு அடைச்சிடுறோம்."

"அடைச்சிடுவீங்களா?"

"கண்டிப்பா சார். இனி எல்லாரும் முன்வாசல்தான். கேமரா கூட மாட்டப் போறோம்."

அதிகாரியின் முகம் இன்னும் இறுகியது. ஒன்று போதாது போலிருக்கிறது.

"ரெண்டு கேமரா சார்," என்றார் மேலாளர்.

"வர்றவங்க பேரைக் கேப்பீங்களா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? முழுப் பேரு, விலாசம், வேலை பாக்குற இடம், ஃபோட்டோ. ஒண்ணையும் விடுறதில்லை."

"வீட்டுக்குத் தெரிவிப்பீங்களா?"

"கையோட சார்! ஆபீசுக்கும் சேர்த்து."

அக்கா தொண்டையைச் செருமினார். மேலாளர் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார். அக்கா திருப்பி மிதித்தார், கொஞ்சம் கூடுதலாகவே.

"எந்த மாதிரி ஆளுங்க வர்றாங்க?"

"எல்லாம் இல்லாதப்பட்ட சனங்க சார். உத்தியோகம், கௌரவம்னு இருக்கிறவங்க இந்தப் பக்கம் தலை வச்சும் படுக்க மாட்டாங்க. இந்த இலவச ஆலோசனை தப்பான ஆளுக்குப் போயிடுமோங்கிற கவலையே உங்களுக்கு வேணாம்."

அதிகாரி கையிலிருந்த பேனாவைத் திறந்தார்.

"உள்ள யாராவது அழுதா வெளியே சத்தம் கேக்குமா?"

அக்கம்பக்கத்தில் யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள்! மேலாளர் எழுந்தே நின்றுவிட்டார். "அழுகையா? அதுக்கெல்லாம் இங்க அனுமதியே இல்லை சார்!"

அதிகாரி பேனாவை மூடினார். ஒரு வரிகூட எழுதவில்லை. கதை முடிந்தது என்று மேலாளருக்குப் புரிந்தது. இனி மாடிப்படி எங்கே போவார்? பழைய ரேடியோ யாரிடம் பேசுவார்?

"போதும் தம்பி," என்று அக்கா எழுந்தார். "சார், இவர் சொன்னது அத்தனையும் பொய். நாங்க யார் பேரையும் கேக்குறதில்லை. யார் வீட்டுக்கும் மூச்சு விடுறதில்லை. அந்தப் பின்கதவை வேலை நேரத்துல பூட்டினதே இல்லை. அழணும்னு வர்றவங்களுக்குன்னே உள்ள ஒரு ரூம் இருக்கு, கதவைச் சாத்தினா ஊரே கத்தினாலும் வெளியே கேக்காது. பதிவு கேட்டா எங்ககிட்ட கிடையாது. இது தப்புன்னா எழுதிக்கிட்டு, மூடிட்டுப் போங்க."

மேலாளர் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஒன்று, இரண்டு என்று மூச்சை எண்ணப் பார்த்தார். இரண்டுக்கு அப்புறம் என்ன என்பதே மறந்துபோயிற்று.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கிளம்பிவிட்டார் என்று பயந்து கண்ணைத் திறந்தார்.

அதிகாரி கிளம்பவில்லை. நாற்காலியை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"தூங்கி ரொம்ப நாளாச்சும்மா," என்றார். "இதையும் நானே மூடிட்டா, அப்புறம் நான் எங்கே போறது?"