பார்டர் போட்ட பத்திரம்

“இந்தத் தாள் கிழிஞ்சா வீடும் போயிடுமாப்பா?” என்று பூட்டுக்காரரின் மகள் ஆறு வயதில் ஒருமுறை கேட்டிருக்கிறாள். அப்போது அவர் சிரித்தார்.

இன்று அந்தத் தாள் பிரஸ்காரர் மகனின் கையில் இருந்தது. அவனுடைய மச்சான் டேப் பிடித்துச் சுவரை அளந்துகொண்டிருந்தான். காகிதக் கிடங்குக்கு இந்த இரண்டு அறையும் போதுமாம்.

பத்திரம் என்னவோ பார்க்க அழகு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் இந்த வீட்டுக்கு விலையை முழுசாக வாங்கிக்கொண்டு, பிரஸ்காரர் தன் மெஷினிலேயே பூ பார்டர் போட்டு, கொட்டை எழுத்தில் அடித்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தது. அதன் பக்கத்தில் அரசாங்கப் பத்திரமே சோகை பிடித்த மாதிரி தெரியும். பதிவை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருவருமே தள்ளிப் போட்டார்கள். போன வருடம் பிரஸ்காரர் கண்ணை மூடிவிட்டார். சொத்து ஒரே மகன் பேருக்கு மாறிவிட்டது.

“கல்யாணப் பத்திரிகைக்கு ஆகும்,” என்றான் மச்சான்.

பூட்டுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவன் கொடுத்த வாக்கை விழுங்குகிறவன் உருப்படமாட்டான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

மகனின் முகம் கறுத்தது. ‘பூட்டு மாமா’ என்று அவர் காலைச் சுற்றியே வளர்ந்தவன்தான்.

“யோவ், பதிவு பண்ணாதது செல்லாது. ஒரு வீட்டுக்கு ஒரு பத்திரம்தான் இருக்கணும்,” என்று தாளை நாலாகக் கிழித்தான். “நாளைக்குப் பத்து மணிக்குப் பதிவு ஆபீசுக்கு வந்து சேரு. அடையாள அட்டையும் ரெண்டு போட்டோவும் எடுத்துக்க. வரலேன்னா போலீசோட வருவேன்.”

பூட்டுக்காரரின் மனைவி இரண்டு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மச்சான் தொடவில்லை. மகன் ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தலை நிமிராமல் படியிறங்கினான்.

இவனுக்குத் தண்ணீர் ஒரு கேடா என்று அவர் பாய்ந்தார்.

“வெயில்ல வந்த பிள்ளை,” என்றாள் அவள்.

ஊரார் பூட்டையெல்லாம் திறந்த கை, அன்று மாலை சொந்தச் சாமான்களை மூட்டை கட்டியது.

மறுநாள் பதிவு அலுவலக பெஞ்சில் மகன் மட்டும் உட்கார்ந்திருந்தான். மச்சான் இல்லை. அவனிடம் சொல்லவே இல்லை போலிருக்கிறது. எழுத்தர் நீட்டிய முத்திரைத் தாளில் பூ இல்லை, பார்டர் இல்லை. கண் கலங்கியதில் பூட்டுக்காரருக்கு ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. காலி பண்ண ஒரு மாதம் தவணை கேட்கலாம் என்று வாயெடுத்தார்.

அதற்குள் மகன் பேனாவைத் திறந்து அவர் விரல்களுக்குள் வைத்தான். தாளில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினான்.

“‘எழுதி வாங்குபவர்’னு இருக்கே, அங்க கையெழுத்துப் போடுங்க மாமா.”