கடிகாரக் கோளாறு

"உன் ஆப் திருட்டு ஆப்மா!" என்று பெரியவர் க்வோஸ்தென் கத்தியதில், டான்யூப் கரைப் பூங்காவில் செஸ் ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்லாவிட்சாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செல்போனில் ஆட்ட நேரம் காட்டும் அந்தக் கடிகாரத்தை எழுதியவள் அவள்தான். இந்தக் கோளாறு மட்டும் சரியானால், நோவி சாத் நகரம் முழுக்கப் போட்டிகளுக்கு அதுதான் என்று செஸ் சங்கச் செயலாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒருவர் காய் நகர்த்திவிட்டுத் திரையைத் தட்டினால், அவர் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடவேண்டும். ஆனால் க்வோஸ்தென் நகர்த்திய பிறகும் எதிரே ஆடும் மொம்ச்சிலோவின் நேரம் ஓடத் தாமதமாகிறது என்று வேடிக்கை பார்ப்பவர்கள் புகார் சொன்னார்கள்.

"பேட்டரியை மிச்சம் பண்றேன்னு போன் டைமரைத் தூங்க வைக்குதான்னு பாத்தேன். திரை வேலையில மாட்டி டைமர் லேட்டாகுதான்னு பாத்தேன். ரெண்டையும் சரிபண்ணியாச்சு. இன்னும் என்ன பண்ணணும்?" என்றாள் ஸ்லாவிட்சா.

"அப்போ இவர்தான் போன்ல ஏதோ பண்றாரு" என்று மொம்ச்சிலோவைக் காட்டினார் செயலாளர்.

பக்கவாதம் வந்ததிலிருந்து கை நடுங்கி, காய் நகர்த்தவே நேரமெடுக்கும் மொம்ச்சிலோ விருட்டென்று எழுந்தார். "ஏமாத்தி ஆடறவனும் இல்ல, எவன் தயவுலயும் ஆடறவனும் இல்ல நான். இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்!"

"உக்காருடா, வீம்பு பிடிச்சவனே! தோத்துடுவோம்னு ஓடறியா?" என்று சீறினார் க்வோஸ்தென். "கோளாறு இவ ஆப்லதான்!"

"ஆடுங்க. இப்பவே பாத்துடலாம்."

மொம்ச்சிலோ திரும்ப உட்கார, ஸ்லாவிட்சா பல்லைக் கடித்துக்கொண்டு போனை லேப்டாப்பில் இணைத்தாள். விரல் பட்ட நொடியும் டைமர் ஓடிய நொடியும் கச்சிதமாகப் பொருந்தின. துளி தாமதமில்லை!

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க நிமிர்ந்தவள், ஆட்டத்தைப் பார்த்ததும் க்வோஸ்தெனின் கையையே உற்றுக் கவனித்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் செயலாளர்.

லேப்டாப்பை மூடினாள். "தப்பு என் ஆப்லதாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் லேட்டாகுது. அவர் ஒண்ணும் பண்ணல. சரிபண்ண எனக்குத் தெரியல."

"அப்போ போட்டிக்கு வேற கடிகாரம் பாத்துக்கறோம்."

"நான்தான் சொன்னேனே, கத்துக்குட்டி!" என்று உறுமியபடி க்வோஸ்தென் குதிரையை நகர்த்தினார்.

பிறகு திரையைத் தட்டாமல் சாவகாசமாகத் தொப்பியைச் சரிசெய்தார். எதிரே மொம்ச்சிலோ யோசித்துக்கொண்டிருக்க, ஓடிக்கொண்டிருந்தது க்வோஸ்தெனின் நேரம்.