ஜப்பான் பிடி

கூலாய் ரப்பர் தோட்டத்துப் பலசாலி சடையனை, முடிவெட்டும் ஒல்லி ஜப்பான்காரர் ஒரே பிடியில் அசைய விடாமல் மடக்கினார்.

"எனக்கும் கத்துக் குடுங்க, தவுக்கே!" என்று கடை முதலாளியான அவரைக் கெஞ்சினான் சடையன்.

"உனக்குத்தான் இவ்வளவு பலம் இருக்கே?"

"அதான் தொல்லை."

"வர்ற திருவிழா குஸ்தியில எவனோ சாகப்போறான்லா!" என்று கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அழுத்தாதே, சும்மா பிடி" என்று திட்டித் திட்டியே ஒரு மாதம் பழக்கினார் ஜப்பான்காரர்.

பழகி முடித்த அன்று சாயங்காலம் சடையன் லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது, "புள்ள கூப்பிடுது!" என்று அவன் மனைவி அஞ்சலை ஆற்றை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். பிள்ளையை அந்த ஆறு கொண்டுபோய் ஒரு வருடமாகிறது.

விரட்டிப் போய், கற்ற பிடியைப் போட்டான். அவள் திமிறி ஓய்ந்ததும் அவள் கைகளைத் திருப்பிப் பார்த்தான்.

முன்பு இப்படி ஓடியபோது அவன் இழுத்துப் பிடித்ததில் முறிந்த மணிக்கட்டு கோணலாகவே கூடியிருந்தது. புதிதாக ஒரு தடம்கூட இல்லை.