அறுபத்திரண்டு வயதில்

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரியாணிக் கடைக்கு அப்பாவை அழைத்துப் போனான் தினேஷ்குமார். அவன் குடியிருப்பது சைவக்காரர் வீட்டு மாடி. அங்கே குப்பையில் முட்டை ஓடுகூட விழக் கூடாது. சொந்த ஊரான கல்லாவியிலிருந்து பார்க்க வந்த அப்பா கரியப்பனுக்குச் சாம்பார் ஊற்றி அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை.

கரியப்பன் வெள்ளைச் சோறும் தயிரும் கேட்டார்.

"என்னப்பா, இங்க யாரு பாக்கப் போறா? கறி சாப்புடு."

"உட்டுட்டன்டா. ஒரு வருசமாச்சு."

"அறுபத்திரண்டு வயசுலயா? கோழி அடிக்காத ஞாயித்துக்கெழம உனக்கு ஏது? சுகரா, பிரஷரா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல."

"அம்மா ஏதாச்சும் வேண்டிக்கிச்சா?"

"அவளுக்கு எதுக்குன்னே தெரியாது. தெனம் திட்டிக்கினுதான் கொழம்பு வெக்கறா."

தினேஷ்குமார் சிரித்தபடி எலும்பைக் கடித்தான். "சாமியாராப் போவப் பாக்கறயா?"

கரியப்பன் சோற்றைப் பிசைந்தார். "வீடு பாக்க வந்தப்ப வீட்டுக்காரரு நம்பல. அப்ப நீ என்ன சொன்ன?"

வீடு கிடைக்க அவன் என்னென்னவோ சொல்லியிருந்தான். எதுவும் நினைவில்லை.

"நாங்க பரம்பரையா சைவம்னு உன் பாப்பா தலையில கைய வெச்சு சத்தியம் பண்ணின. நான் பக்கத்துலதான நின்னன்." அவர் குரல் தணிந்தது. "பொய்ச் சத்தியம் புள்ள மேல எறங்கிடக் கூடாதில்ல. நம்ம ஊட்டுல ஒருத்தராச்சும் அதக் காப்பாத்தணும்னு அன்னிக்கே உட்டுட்டன்."

தினேஷ்குமாரின் வாயிலிருந்த கறி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.